ஆறு லட்சத்துக்குள் துடிப்பான பழைய கார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓட்டும் சுகத்துக்காகவே கார் தேடுகிறவர்கள், கையில் அளவான பணம் வைத்திருப்பவர்கள், தமிழ்நாட்டுப் பழைய கார் சந்தையில் அலைகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. குதிரைத்திறனைப் பார்த்து வண்டி வாங்காதீர்கள், கண்டிஷனைப் பார்த்து வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி. அதனால் பதில்களும் அந்தப் பக்கமே சாயும்.

ஆறு லட்சம் இருக்கிறது. எவ்வளவு விலையில் வண்டி பார்க்கலாம்?

நாலரைக்கு மேல் பார்க்காதீர்கள். மிச்சம் ஒன்றரை லட்சத்தையும் வண்டியின் விலையாகவே கணக்கு வையுங்கள். எட்டுப் பத்து வருடம் ஓடிய வண்டிக்கு நான்கு டயர், பிரேக் பேட், பேட்டரி, லோயர் ஆர்ம் புஷ் (சஸ்பென்ஷன் கையில் இருக்கும் ரப்பர்), எல்லா ஆயிலும், ஆர்.சி. மாற்றம், புது இன்ஷூரன்ஸ் என்று வரிசையாக வரும். கையில் இருப்பதையெல்லாம் வண்டிக்கே கொடுத்துவிட்டு, தேய்ந்த டயரில் ஆறு மாதம் ஓட்டுகிறவர்கள் ஏராளம். அவர்கள் வாங்கியது வேகமான கார்தான். ஆனால் மழையில் அதை நிறுத்த முடியாது.

எந்தெந்த வண்டிகளைப் பார்க்கலாம்?

முதலில் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 2013-இல் வந்தது. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 105 பி.எஸ். சக்தி, 175 நியூட்டன் மீட்டர் இழுவை, ஏழு கியர் டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக். கதவைச் சாத்தும்போதே வண்டியின் கனம் தெரியும். நெடுஞ்சாலையில் தரையோடு ஒட்டி ஓடும். கியர்பாக்ஸ் கதையைக் கீழே தனியாகச் சொல்கிறேன். அந்தப் பயமே வேண்டாம் என்றால் 2020-இலிருந்து வந்த 1.0 டி.எஸ்.ஐ. மேனுவல் போலோவைத் தேடுங்கள். மூன்று சிலிண்டர், 110 பி.எஸ்., ஆறு கியர். 2022-இல் போலோ நின்றுவிட்டதால் நல்ல வண்டியை வைத்திருப்பவர்கள் விலையில் இறங்கி வருவதில்லை. உங்கள் பட்ஜெட்டுக்கு அது எட்டாமலும் போகலாம்.

மாருதி பலேனோ ஆர்.எஸ். பற்றிப் பலருக்குத் தெரியவே தெரியாது. 2017-இல் வந்து 2020-இல் போய்விட்டது. 1.0 பூஸ்டர்ஜெட் டர்போ, 102 பி.எஸ்., நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், மொத்த எடையே 950 கிலோ. இதே இன்ஜின் வெளிநாட்டில் 111 பி.எஸ். கொடுத்தது, இங்கே குறைத்துக் கொடுத்தார்கள். இன்ஜின் சாமான்கள் சில அந்த மாடலுக்கு மட்டும் உரியவை. மற்றதெல்லாம் சாதாரண பலேனோவினுடையதே என்பதால் சின்ன ஊரிலும் பார்த்துவிடலாம். சர்வீஸ் செலவை நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் இதுதான்.

டாடா டியாகோ ஜே.டி.பி. மீது எனக்குத் தனிப் பிரியம். கோயம்புத்தூரின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் கைகோத்துச் செய்த வண்டி அது. 2018-இல் 6.39 லட்சத்துக்கு வந்தது. 1.2 டர்போ, 114 பி.எஸ்., 150 நியூட்டன் மீட்டர். சஸ்பென்ஷனையும் ஸ்டீயரிங்கையும் இந்த வண்டிக்காகவே உட்கார்ந்து சரிசெய்திருக்கிறார்கள் என்பது முதல் வளைவிலேயே தெரிந்துவிடும். பிஎஸ்-6 புகை விதி வந்ததும் நின்றுபோனது. ஓடியவை குறைவு, அதனால் ஜே.டி.பி.க்கென்றே செய்த பம்பர், ஸ்கர்ட் போன்ற சாமான்கள் கிடைப்பது கஷ்டம். பம்பர் உடையாத வண்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

வேகம் மட்டுமே வேண்டும் என்பவர்களுக்கு ஃபியட் அபார்த் புன்டோ. 1.4 டி-ஜெட், 145 பி.எஸ்., 212 நியூட்டன் மீட்டர். 2015-இல் பத்து லட்சத்துக்குள் அந்தச் சக்தியைக் கொடுத்த வண்டி வேறு இல்லை. அதே டி-ஜெட் குடும்பத்து இன்ஜினோடு 114 பி.எஸ். லினியாவும் உண்டு, அது இன்னும் மலிவு. ஆனால் ஃபியட் கடையைக் கட்டி வருடங்கள் ஆகிவிட்டன. சாமான் தேடுவதற்கு நேரமும், ஃபியட்டை அறிந்த ஒரு மெக்கானிக்கும், தினசரி ஓட்ட இன்னொரு வண்டியும் இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள்.

டீசல் பிரியர்களுக்கு ஃபோர்டு ஃபிகோ 1.5. சின்ன வண்டியில் 100 பி.எஸ்., 215 நியூட்டன் மீட்டர். இரண்டாம் கியரில் மிதித்தால் முன்சக்கரம் பிடியை விடும். அதற்கும் முந்திய ஃபியஸ்டா 1.6 எஸ் பெட்ரோல் இன்னும் பட்டறை வட்டாரத்தில் மதிப்பு குறையாத வண்டி. ஹைட்ராலிக் ஸ்டீயரிங் கைக்குள் பேசும். ஃபிகோ 1.5 குஜராத்தின் சனந்த் ஆலையில் பிறந்தது, ஃபியஸ்டா நம் மறைமலைநகர் ஆலையில் பிறந்தது. அதனாலோ என்னவோ, சென்னைப் பக்கம் ஃபோர்டை நன்றாக அறிந்த மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை.

டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸ் உடைந்துவிடும் என்கிறார்களே?

எல்லா வண்டியிலும் உடைவதில்லை. உடைந்தால் செலவு லட்சத்தில் பேசும், அதுதான் விஷயம். போலோவில் இருப்பது உலர் கிளட்ச் இரண்டு கொண்ட டி.க்யூ.200. ஆயிலில் நனையாத கிளட்ச் என்பதால் சூடு இறங்க வழி குறைவு. மவுண்ட் ரோடு மாதிரி நெரிசலில் பிரேக்கைப் பாதி விட்டுப் பாதி பிடித்து ஊர்ந்துகொண்டே இருந்தால் கிளட்ச் அரைபட்டுச் சூடேறும். கியர் மாற்றும் மூளையான மெக்கட்ரானிக்ஸும் சூட்டில் பழுதாகலாம்.

வாங்கும்போது குறைந்தது அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டிப் பாருங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது வண்டி நடுங்கினாலோ, ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றியதும் யோசித்து நகர்ந்தாலோ, டிஸ்பிளேயில் கியர் எழுத்துகள் மினுக்கினாலோ விட்டுவிடுங்கள். கிளட்ச் அல்லது மெக்கட்ரானிக்ஸ் மாற்றியிருக்கிறார் என்றால் பில்லைக் கேளுங்கள். பில் இருந்தால் அது அந்த வண்டிக்குக் கூடுதல் மதிப்பு. வாங்கிய பிறகு நெரிசலில் முன்வண்டியோடு இடைவெளி விட்டு, ஒரேயடியாக நகர்ந்து ஒரேயடியாக நில்லுங்கள்.

வண்டி பார்க்கப் போகும்போது எதைக் கவனிப்பது?

இன்ஜின் ஆறியிருக்கும்போது போக வேண்டும். முன்தினமே சொல்லிவிடுங்கள்: “காலையில் வருகிறேன் அண்ணா, நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்.” போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் இன்ஜினை முன்பே ஓடவிட்டிருக்கலாம். முதல் ஸ்டார்ட்டில் செயின் சத்தமோ டாப்பெட் சத்தமோ எத்தனை நொடி வருகிறது, சைலன்சரில் நீலப்புகை வருகிறதா என்று பாருங்கள். சில நிமிடம் ஐடிலில் விட்டு, பிறகு ஒருவரை மிதிக்கச் சொல்லிப் பின்னால் நில்லுங்கள். டர்போவின் சீல் போயிருந்தால் அப்போது நீலமாகக் கக்கும்.

அடுத்து ஓ.பி.டி., அதாவது வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்க உதவும் சாக்கெட். அதில் செருக ஆயிரம் ரூபாய் அளவில் ப்ளூடூத் டாங்கிள் கிடைக்கும், போனில் ஆப் போட்டால் போதும். பெரும்பாலானவர்கள் எரர் கோடு இல்லை என்று பார்த்ததும் திருப்தியாகிவிடுவார்கள். அங்கேதான் ஏமாறுகிறார்கள். அதே ஆப்பில் ரெடினஸ் மானிட்டர் என்று ஒரு பக்கம் உண்டு. கேட்டலிடிக் கன்வர்ட்டர், ஆக்சிஜன் சென்சார் போன்றவற்றை வண்டி தானே சோதித்து முடித்துவிட்டதா என்று அதில் தெரியும். கோடை அழித்தாலோ பேட்டரி வயரைக் கழற்றினாலோ அந்தச் சோதனைகள் முதலிலிருந்து தொடங்கும். முடிய சில நாள் ஓட்டம் வேண்டும். கோடு ஒன்றும் இல்லை, ஆனால் மானிட்டர்கள் பாதி முடியாமல் நிற்கின்றன என்றால் நேற்றோ இன்று காலையோ எதையோ அழித்திருக்கிறார்கள். பேட்டரி மாற்றியதால்கூட அப்படி வரலாம். எதற்கும் ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்கக் கேளுங்கள்.

மீட்டரைத் திருப்புவது சுலபம். டிரைவர் சீட்டின் ஓரம், ஸ்டீயரிங்கின் தோல், கிளட்ச் பெடலின் ரப்பர் ஆகியவற்றை மாற்ற யாரும் மெனக்கெடுவதில்லை. மீட்டர் நாற்பதாயிரம் காட்டி, பெடல் வழவழவென்று இருந்தால் நம்ப வேண்டாம். சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பர் சொல்லிப் பழைய பதிவைக் கேட்டால் பல இடங்களில் ஓனர் முன்னிலையில் சொல்வார்கள்.

கண்ணாடிகளின் மூலையில் கம்பெனி முத்திரை இருக்கும். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தப் பக்கம் அடிபட்டதா என்று கேளுங்கள். பானெட், ஃபெண்டர் போல்ட்டுகளில் ஸ்பேனர் தழும்பு இருந்தாலும் அப்படியே. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக நகர்த்துங்கள். டக்டக் என்று வந்தால் ஆக்ஸில் ஜாயின்ட். ஸ்பீட் பிரேக்கரில் ஜன்னலை இறக்கிவிட்டு ஏறி இறங்கினால் புஷ்ஷும் ஷாக் அப்சார்பரும் தம் நிலையைச் சொல்லிவிடும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?

2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2018 கேரள வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் என்று மூழ்கிய வண்டிகள் நிறைய. கழுவி, வாசனை அடித்து, சந்தைக்கு வந்துவிடும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக் கறை கோடாக நிற்கும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் பாருங்கள். சீட்டுக்கு அடியில் ரெயில் போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கிறதா, ஃபியூஸ் பாக்ஸின் பின்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். டர்போ வண்டிகளில் சென்சார்கள் அதிகம். மூழ்கிய வண்டியில் இன்ஜின் பிழைத்தாலும் வயரிங் வருடக்கணக்கில் தொல்லை தரும். பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஏற்கெனவே மாடிஃபை பண்ணிய வண்டி நல்ல விலைக்கு வருகிறது. எடுக்கலாமா?

யார் செய்தார்கள், எப்போது செய்தார்கள், பில் எங்கே, கழற்றிய ஒரிஜினல் சாமான்கள் எங்கே? நாலுக்கும் பதில் இருந்தால் பார்க்கலாம். கழற்றிய சாமானைப் பெட்டியில் கட்டி வைத்திருக்கிற ஓனர் பொதுவாக வண்டியையும் ஒழுங்காக வைத்திருப்பார். மேப் என்றால் சக்தி கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரில் மாற்றி எழுதும் செட்டிங். “ஏதோ மேப் போட்டிருக்கு, சூப்பரா போகும்” என்ற பதிலோடு வரும் வண்டியில் கிளட்ச்சும் டர்போவும் எவ்வளவு உதை வாங்கியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் என்றால் கைபடாத வண்டியைத்தான் எடுப்பேன், நாற்பதாயிரம் கூடுதல் என்றாலும் சரி.

டெல்லி, புதுச்சேரி, கர்நாடகா வண்டிகள் மலிவாக இருக்கின்றனவே?

டெல்லியில் பழைய வண்டிகளுக்கு வயதுக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து அங்கே விலை குறைவு. ஆனால் ஒரு மாநிலத்து வண்டியை இன்னொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும். பழைய ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே ஆயுள் வரியைக் கட்ட வேண்டும். அந்த வரி, அலைச்சல், புரோக்கர் கமிஷன் எல்லாவற்றையும் கூட்டினால் மிச்சம் பெரிதாக இருக்காது. புதுச்சேரி வண்டிக்கும் இதே கணக்குதான். உள்ளூரில் கிடைக்காத மாடல் என்றால் மட்டும் இந்த வழியில் போங்கள்.

பேப்பரில் எதைச் சரிபார்ப்பது?

ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் உள்ளதும் ஒன்றா என்று கண்ணால் பாருங்கள். எம்-பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டு, கடன் இருக்கிறதா, எத்தனையாவது ஓனர் என்று பாருங்கள். ஹைப்போ, அதாவது ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவு, இருந்தால் வங்கியின் கடிதமும் ஃபாரம் 35-உம் இல்லாமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கு ஃபாரம் 29, 30. நிலுவை அபராதத்தையும் அங்கேயே கட்ட வைத்துவிடுங்கள். முந்தின ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அது அவருடையது.

வாங்கியாச்சு. முதல் செலவு எதில்?

டயர். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. பட்டன் ஆழமாக இருந்தாலும் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டிய ரப்பர் கட்டியாகிவிடும், ஈரச் சாலையில் பிடிக்காது. நல்ல டயர் ஒரு செட் போட்டதும் வண்டி திரும்புவதும் நிற்பதும் மாறிவிடும். அந்த வித்தியாசத்தை இருபது குதிரைத்திறன் கூட்டினாலும் பெற முடியாது.

அடுத்தது பிரேக். நல்ல பேட், டிஸ்க் தேய்மானம் பார்த்து மாற்றுதல், புது டாட் 4 பிரேக் ஆயில். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஏற்காடோ கொல்லிமலையோ இறங்கும்போது சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி, பெடல் மெத்தைபோல உள்ளே போகும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இதைத் தெரிந்துகொள்வது ஆபத்து. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது லோயர் ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் லிங்க், ஷாக் அப்சார்பர், இன்ஜின் மவுண்ட். எல்லாம் கம்பெனி ஒரிஜினலாகவே போடுங்கள். முடித்து வீல் அலைன்மென்ட். பிறகு ஆயில், ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கூலன்ட். டைமிங் பெல்ட் உள்ள வண்டியில், மாற்றியதற்குப் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆயிலில் கிரேடு மட்டும் பார்க்காமல் கம்பெனி கேட்கும் தர எண்ணையும் பாருங்கள். போலோ டி.எஸ்.ஐ. என்றால் டப்பாவில் வி.டபிள்யூ. 502 00 என்று இருக்க வேண்டும்.

இதெல்லாம் முடிந்த வண்டியைச் சில மாதம் அப்படியே ஓட்டுங்கள். பாதிப் பேர் இங்கேயே திருப்தியாகிவிடுவார்கள்.

டயரை எவ்வளவு அகலம் கூட்டலாம்?

போலோ ஜி.டி.யின் அளவு 185/60 ஆர்15. ரிம் 15 அங்குலம், அதாவது 381 மில்லிமீட்டர். பக்கச்சுவர் 185-இல் 60 சதவீதம், 111 மில்லி. மேலும் கீழும் சேர்த்து மொத்த விட்டம் 603. இப்போது 195/60 ஆர்15 போட்டால் 615, இரண்டு சதவீதம் கூடுதல். 195/55 ஆர்15 போட்டால் 595 அல்லது 596, ஒரு சதவீதம் குறைவு. மூன்று சதவீதத்துக்குள் இருந்தால் ஸ்பீடோமீட்டரும் ஏ.பி.எஸ்.ஸும் பெரிதாகக் குழம்பாது. 17 அங்குல அலாய் போடும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். சக்கரம் கனத்தால் பிக்கப் குறையும், நம் சாலைப் பள்ளத்தில் ரிம் வளையும்.

ரீமேப் பண்ணலாமா?

டர்போ வண்டி, எல்லாம் ஆரோக்கியமாக இருக்கிறது என்றால் பண்ணலாம். சாதாரணமாக ஸ்டேஜ் 1-இல் (சாமான் எதையும் மாற்றாமல் மேப் மட்டும் மாற்றுவது) இருபது சதவீதத்தை ஒட்டிச் சக்தி கூடும், இழுவையில் அதைவிட நன்றாகத் தெரியும். டர்போ இல்லாத பெட்ரோலில் ஐந்தாறு குதிரைத்திறன் வந்தால் பெரிது, அதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. மேப் எந்த பெட்ரோலுக்கு எழுதப்பட்டது? ஆக்டேன் என்பது பெட்ரோல் நாக் அடிக்காமல் தாங்கும் அளவு; நம் சாதாரண பங்க்கில் பல வருடம் கிடைத்தது 91. 95-க்கு எழுதிய மேப்பைப் போட்டுக்கொண்டு ராமநாதபுரம் பக்கம் போய் 91 ஊற்றினால் இன்ஜின் நாக் அடிக்கும், அதாவது பெட்ரோல் உள்ளே தாறுமாறாக வெடித்துத் தட்டும். நாக் சென்சார் காப்பாற்றப் பார்க்கும், சித்திரை வெயிலில் அதற்கும் எல்லை உண்டு. அதனால் 91-க்கும் தாங்குகிற மேப்பாகக் கேளுங்கள். ஒரிஜினல் ஃபைலைச் சேமித்துத் திரும்பக் கொடுப்பார்களா, போடும் முன்னும் பின்னும் டைனோவில் (சக்தி அளக்கும் மேடை) அல்லது சாலையில் லாக் (அளவீட்டுப் பதிவு) எடுப்பார்களா என்றும் கேளுங்கள். எந்த வண்டி வந்தாலும் ஒரே ஃபைலை ஏற்றும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கூடுதல் இழுவை முதலில் காட்டிக்கொடுப்பது தேய்ந்த கிளட்ச்சைத்தான், அதற்கும் பணம் ஒதுக்குங்கள்.

கோன் ஃபில்டர், சைலன்சர், லோயரிங் ஸ்பிரிங்?

திறந்த கோன் ஃபில்டர் பானெட்டுக்குள் இருக்கும் சூட்டுக்காற்றை இழுக்கும். சத்தம் கூடும், வேகம் கூடாது. கம்பெனி ஏர் பாக்ஸில் பொருந்தும் நல்ல பேனல் ஃபில்டர் போதும்.

லோயரிங் ஸ்பிரிங் போட்டு ஒரிஜினல் ஷாக்கை வைத்திருந்தால் ஷாக் சீக்கிரம் போகும், வண்டி குதிக்கும். அபார்த் புன்டோ கம்பெனியிலிருந்தே 155 மில்லி உயரத்தில்தான் வந்தது. அதை இன்னும் இறக்கினால் தெருவுக்குத் தெரு இருக்கும் அறிவிப்பில்லாத ஸ்பீட் பிரேக்கரில் அடி தட்டும்.

சைலன்சரைப் பற்றிச் சட்டப் பதிலே போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரமும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பும் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. அந்த ஆண்டுத் திருத்தத்தில் 182-ஏ பிரிவு வந்தது. விதிமீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. சத்தம் போடும் சைலன்சருக்குத் தனி அபராதம் உண்டு. தூங்கும் குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கிற தெருவில் அந்தச் சத்தம் நியாயமும் இல்லை. பெயிண்ட் நிறம் மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும். பேட், டயர், புஷ், ஷாக் ஆகியவற்றைத் தரமானதாகவும் அதே அளவிலும் மாற்றுவதில் சிக்கல் வராது. நான் அவற்றையே முதலில் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். ரீமேப்போ அலாயோ சொல்லாமல் விட்டு, விபத்துக்குப் பின் சர்வேயர் கண்டுபிடித்தால் கிளெய்ம் நிற்கலாம், குறையலாம். எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

மைலேஜ்?

மிதித்தால் கிடைக்காது. அளவாக ஓட்டினால் இந்த டர்போ பெட்ரோல்கள் நெடுஞ்சாலையில் லிட்டருக்குப் பதினைந்தைத் தொடும். நகரத்தில் பத்து, அதற்கும் கீழே.

வண்டியின் முழு வேகத்தை எங்கே பார்ப்பது?

ஈ.சி.ஆரில் வேண்டாம். அங்கே மாடும் குறுக்கே வரும், குடும்பத்தோடு பைக்கில் வருகிறவரும் திரும்புவார். நமக்கு இரண்டு நல்ல டிராக் இருக்கின்றன: இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் மெட்ராஸ் டிராக், கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. சொந்த வண்டியில் ஓட்ட அனுமதிக்கும் டிராக் டேக்கள் அவ்வப்போது நடக்கும். ஹெல்மெட், மூடிய ஷூ, நல்ல பிரேக் ஆயில் அவசியம். சாதாரண பாலிசியில் ரேஸும் வேகச் சோதனையும் கவர் ஆகாது என்பதை மனதில் வையுங்கள்.

முதல் சுற்று மெதுவாகப் போய் டயரைச் சூடாக்குங்கள், கடைசிச் சுற்றில் பிரேக்கைத் தொடாமல் வந்து ஆறவிடுங்கள். பிட்டில் நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக்கை இழுக்காதீர்கள், பழுக்கக் காய்ந்த டிஸ்க்கில் பேட் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள். இன்ஜினையும் உடனே அணைக்காமல் இரண்டு நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள், டர்போவுக்கு ஆயில் போய்க்கொண்டிருக்கட்டும்.